உட்பாகம் மாற்றாத இன்ஜினுக்குப் பெரிய டர்போ போட்டபோது நடந்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதிலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கங்களில், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 5 ஜிடிஐ நிற்காத தெரு அரிது. புதிதாக வந்த காலத்தில் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஓட்டிய கார், வயதாகி விலை இறங்கி, இன்று முதல் வேலையில் சேர்ந்த பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. வாங்கிய சில வாரங்களிலேயே அதன் சக்தியைக் கூட்டுவது பற்றிய பேச்சு தொடங்கிவிடும். அந்தப் பேச்சில் எத்தனை கிலோவாட் என்ற கேள்வி முதலில் வரும். அந்தக் கிலோவாட்டைத் தாங்கப்போகிற கனெக்டிங் ராடு, அதாவது பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கோல், எப்படிப்பட்டது என்ற கேள்வி கடைசிவரை வராது. எனக்கும் அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏறக்குறைய 1,20,000 ராண்ட் என் கையிலேயே இருந்திருக்கும். பிஸ்டனும் ராடும் தொழிற்சாலையில் போட்டபடியே இருக்கும் இன்ஜினுக்கு எதையெதைச் சேர்க்கலாம், எந்த வரிசையில் சேர்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்தக் காரின் 2.0 லிட்டர் டர்போ இன்ஜின், கம்பெனி அமைப்பில் 147 கிலோவாட் சக்தியும் 280 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (முறுக்குவிசை) தரும். அந்த டார்க் 1,800 ஆர்.பி.எம். தொடங்கி 5,000 வரை ஒரே மட்டத்தில் நிற்பதால்தான் ஊருக்குள் ஓட்ட அது அவ்வளவு சுகமாக இருக்கிறது. அப்போது நான் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்த்தேன். லெனேசியாவில் உறவினர் வீட்டின் பின்கட்டில் தங்கியிருந்தேன். முதலில் மென்பொருளை மட்டும் மாற்றி ஓட்டினேன். கம்பெனி போட்ட சிறிய கே03 டர்போவே இருந்தது. நெடுநாள் எந்தத் தொல்லையும் வரவில்லை. இன்று திரும்பிப் பார்க்கும்போது, தினமும் ஓட்டும் காருக்கு அந்த நிலையே போதுமானது என்றுதான் சொல்வேன். ஆனால் வார இறுதிகளில் நண்பர்களின் கார்களோடு ஒப்பிடும்போது போதும் என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை.

வாடிக்கையாளர்கள் வரிசைகட்டி நிற்கும் ஒரு பட்டறையில் அதைவிடப் பெரிய கே04 டர்போ பொருத்தக் கேட்டேன். பெரிய இன்ஜெக்டர்கள், வலுவான உயரழுத்த எரிபொருள் பம்ப், அகலமான டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), அதற்கேற்ற மேப் (இன்ஜின் கணினிக்கான மென்பொருள்) எல்லாம் சேர்த்து 58,000 ராண்ட் என்றார்கள். ராடு தாங்குமா என்று நான் வெளிப்படையாகவே கேட்டேன். இந்த டர்போ கம்பெனியே இதே இன்ஜினில் போட்டு விற்றதுதான், ஆகவே பயமில்லை என்று பதில் வந்தது. கேட்பதற்கு நியாயமாக இருந்தது. அந்தப் பதிலில் பாதி மட்டுமே உண்மை என்பது பின்னர்தான் தெரிந்தது. கே04 டர்போவுடன் வந்த எடிஷன் 30 கோல்ஃபும் ஆடி எஸ்3 காரும் வெளிப்பார்வைக்கு அதே இன்ஜினைக் கொண்டவை. உள்ளே ராடும் பிஸ்டனும் வேறு, வலுவானவை. அவ்வளவு வலுவாக்கிய பிறகும் கம்பெனி எடிஷன் 30-இல் 169 கிலோவாட், 300 நியூட்டன் மீட்டரோடும், ஐரோப்பாவில் விற்ற எஸ்3-இல் 195 கிலோவாட், 350 நியூட்டன் மீட்டரோடும் நிறுத்திக்கொண்டது. என் காரிலோ மெலிந்த ராடோடு 440 நியூட்டன் மீட்டர் என்று டைனோ (காரின் சக்தியை அளக்கும் இயந்திரம்) தாளில் அச்சடித்துத் தந்தார்கள். ஒரு பாகம் "கம்பெனியே போட்டது" என்று யாராவது சொன்னால், எந்த உள்ளுறுப்போடு போட்டது, எவ்வளவு டார்க்கோடு நிறுத்தியது என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

அந்த டைனோ தாளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் இது எல்லோரையும் ஏமாற்றக்கூடிய விஷயம். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் டர்பனில் உள்ளதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும் என்பதால், டைனோவின் கணினி அளந்த எண்ணைத் திருத்தக் காரணியால் பெருக்கிக் கடல் மட்டத்துக்கு ஈடாக்கிக் காட்டும். டர்போ இன்ஜின் அந்த அளவுக்கு இழப்பதில்லை. டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று குறையின் பெரும்பகுதியை நிரப்பிக்கொள்கிறது. நிரப்பிக்கொண்ட எண்ணையே மறுபடியும் பெருக்கினால் தாளில் வருவது வெறும் அலங்காரம். ஆகவே திருத்தாத எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சக்கரத்தில் அளந்ததா, இன்ஜினுக்குக் கணக்கிட்டதா என்பதையும் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் பட்டறையில் காரை விடாதீர்கள்.

ஆனால் என் இன்ஜினைக் கெடுத்தது தாளில் இருந்த எண் அன்று. ஜோஹன்னஸ்பர்க்கில் ஓட்டிப் பார்த்து எழுதிய மேப்பை டர்பனுக்குக் கொண்டுவந்ததுதான் கெடுத்தது. இந்தக் காரின் கட்டுப்பாட்டுக் கணினி பூஸ்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, வெளிக்காற்றையும் சேர்த்த மொத்த அழுத்தமாகக் கேட்கிறது. மேப் 2.4 பார் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே 0.83 பார் மட்டுமே இருக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில் டர்போ காற்றை ஏறக்குறைய மூன்று மடங்காக அமுக்கவேண்டும், குறைந்த ஆர்.பி.எம்.-இல் டர்போவால் அது முடியாது, ஆகவே டார்க் தாமதமாக, மெதுவாக ஏறும். டர்பனில் வெளியே ஒரு பார் இருப்பதால் 2.4 மடங்கு அமுக்கினால் போதும். அதே மேப், அதே டர்போ, ஆனால் முழு டார்க்கும் பல நூறு ஆர்.பி.எம். முன்னதாகவே வந்து மோதும். அந்த உயரத்தில் மூச்சுத்திணறிக்கொண்டிருந்த டர்போதான் அதுவரை என் ராடுகளைக் காப்பாற்றி வந்திருக்கிறது. கார் எந்த ஊரில் ஓடப்போகிறது என்று பட்டறையில் எவரும் என்னைக் கேட்கவில்லை. டர்பன் எண்பலகை மாட்டிய கார் என்பது அவர்கள் கண்ணில் பட்டிருக்கவேண்டும்.

வேலை மாறி, என்3 நெடுஞ்சாலையில் இறங்கி ஊருக்குத் திரும்பினேன். முதல் சில வாரங்கள் கார் புது உயிர் பெற்றதுபோல ஓடியது; கடற்கரைக் காற்று இன்ஜினுக்கு ஒத்துக்கொண்டது என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை, பைன்டவுனிலிருந்து எம்13 சாலையில் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில், தானாகக் கியர் மாற்றும் டிஎஸ்ஜி கியர்பெட்டியைக் கைமுறையில் வைத்து, ஐந்தாவது கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தினேன். 2,500 ஆர்.பி.எம். இருந்திருக்கும். பெரிய சத்தம் எதுவும் இல்லை. அடியில் யாரோ ஒருமுறை தட்டியதுபோல இருந்தது, அவ்வளவுதான். மேலே கிளூஃப் வரை ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து நிறுத்தும்போது ஐட்லிங் சீராக இல்லை. காது கொடுத்துக் கேட்டால் ஒரு மெல்லிய தட்டல் இருந்தது. எச்சரிக்கை விளக்கு மறுநாள்தான் எரிந்தது: மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை.

அதற்குப் பின் வந்த காலம்தான் என்னை அதிகம் வாட்டியது. கார் ஓடுகிறது, ஆனால் சரியாக ஓடவில்லை. எவருக்கும் காரணம் தெரியவில்லை. ஒரு பட்டறை இக்னிஷன் காயில்களையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றியது. இன்னொன்று இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிறகு புதிதே போடவேண்டும் என்றது. இப்படியே 14,000 ராண்ட் போயிற்று. புரட்டாசி வந்தபோது கார் முற்றத்தில்தான் நின்றது. விரதத்துக்கு அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றுவிட்ட தம்பியிடம் வண்டி கேட்டேன். காருக்கு எவ்வளவு செலவழித்திருக்கிறேன் என்று அம்மாவிடம் பாதித் தொகையைத்தான் சொல்லியிருந்தேன். இரவில் படுத்தால் அந்தத் தட்டல் ஒலிதான் காதில் கேட்கும். அந்தப் பட்டறையின் மீது வந்த கோபத்தைவிட, இதைப் பேச வீட்டில் ஆளில்லையே என்பதுதான் பெரிதாக இருந்தது.

கடைசியில், பழைய ஓப்பல் கேடட் கார்களைப் பந்தயத்துக்குத் தயார்செய்து ஓய்வுபெற்ற ஒருவரைத் தெரிந்தவர்கள் காட்டினார்கள். எல்லோரும் அவரை மாமா என்றுதான் அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், அளந்தார்: மூன்று சிலிண்டர்களில் 12 பாரை ஒட்டி இருந்தது, மூன்றாவதில் 10 பார். ரிங்கோ வால்வோ போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் அடுத்து லீக்-டவுன் சோதனை செய்தார். பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்த்தபோது நான்கும் ஒரே அளவு, நான்கும் நன்றாக இருந்தன. காற்று கசியவில்லை, ஆனால் கம்ப்ரஷன் குறைவு. அதைப் பார்த்ததும் அவர் பேசாமல் நேரான நீண்ட எஃகுக் கம்பி ஒன்றை எடுத்துவந்தார். நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வரும். கிராங்க்கைக் கையால் சுற்றி அந்த இரண்டு பிஸ்டன்களையும் உச்சியில் நிறுத்தி, ஒவ்வொரு பிளக் துளையிலும் கம்பியை இறக்கி, கம்பியில் நகத்தால் அடையாளம் பிடித்து, வெர்னியரால் அளந்தார். மூன்றாவது பிஸ்டன் இரண்டாவதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் தாழ்வாக நின்றது. "தம்பி, இனி காயில் மாற்றாதே, ராடு வளைந்துபோயிருக்கிறது" என்றார். ராடு வளைந்தால் அதன் நீளம் குறையும், பிஸ்டன் பழைய உயரத்துக்கு வராது, கம்ப்ரஷன் குறையும். ரிங்கும் வால்வும் நன்றாகவே இருப்பதால் கசிவு இருக்காது. டார்க் கூட்டிய காரில் ஒரே சிலிண்டரில் காரணமில்லாத மிஸ்ஃபயர் வந்தால், பாகங்களை மாற்றத் தொடங்குமுன் இந்த மூன்று அளவுகளையும் எடுக்கச் சொல்லுங்கள். அரைநாள் வேலை, ஆயிரக்கணக்கான ராண்ட் மிச்சம்.

ராடு ஏன் வளைந்தது என்பதை அவர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். கிலோவாட் என்பது டார்க்கை ஆர்.பி.எம்.-ஆல் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் வருவது. 440 நியூட்டன் மீட்டர் 2,700 ஆர்.பி.எம்.-இல் வந்தால் அது வெறும் 124 கிலோவாட். 350 நியூட்டன் மீட்டர் 6,000 ஆர்.பி.எம். வரை நின்றால் அது 220 கிலோவாட். பின்னதுதான் வேகமான கார், ஆனால் ராடுக்கு முன்னதுதான் கொடுமை. குறைந்த வேகத்தில் பிஸ்டன் உச்சியை விட்டு மெதுவாக நகர்வதால், எரிந்த வாயுவின் முழு அழுத்தமும் ராடை நெடுக்காக நசுக்குகிறது. ஆகவே உட்பாகம் மாற்றாத இன்ஜினுக்கு மேப் எழுதும்போது, 3,500 ஆர்.பி.எம்.-க்குக் கீழே டார்க்கை அடக்கி வைத்து, மேலே போகப்போக விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படி எழுதிய கார் முதுகில் அறைவதுபோலப் பாயாது. அதனால் சோதனை ஓட்டத்தில் வாடிக்கையாளர் முகத்தில் சிரிப்பு வராது. அதனாலேயே பல பட்டறைகள் அப்படி எழுதுவதில்லை என்பது என் எண்ணம். இதற்கு மறுபக்கமும் உண்டு: ஆர்.பி.எம். உச்சவரம்பைக் கூட்டக்கூடாது. வேகம் கூடக்கூட ராடை இழுக்கும் விசை அதன் வர்க்கமாகக் கூடும். அங்கே அபாயம் ராடின் போல்ட்டுக்கு.

ராடு தப்பினாலும் பிஸ்டன் தப்பவேண்டும். கடற்கரையில் நமக்குக் கிடைப்பது 95 ஆக்டேன் பெட்ரோல். டர்பனின் பிப்ரவரி வெயிலில் போக்குவரத்து நெரிசலில் நின்று கிளம்பும்போது டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரே கொதித்துக்கொண்டிருக்கும். சூடான காற்று, அதிக பூஸ்ட், முன்கூட்டிய இக்னிஷன் மூன்றும் சேர்ந்தால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வரும். வார்ப்பு பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைவது பெரும்பாலும் இதனால்தான். நாக்கிங்கை உணர்ந்து கணினி ஒவ்வொரு சிலிண்டருக்கும் இக்னிஷனை எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்பதை மடிக்கணினியில் பதிவு செய்யலாம். மேப் போட்ட பிறகு, வெயில் நேரத்தில், நீங்கள் தினமும் ஓட்டும் ஏற்றத்தில் அந்தப் பதிவை எடுத்துத் தரச் சொல்லுங்கள். டைனோ அறையில் பெரிய மின்விசிறிக்கு முன் எடுத்த பதிவு நம் வெயிலுக்குச் சாட்சி ஆகாது.

இன்ஜினைப் பிரித்தோம். ஃபோர்ஜ் செய்த ராடுகள், புதிய பேரிங்குகள், ரிங்குகள், ஹெட் கேஸ்கெட், ஒருமுறை முறுக்கினால் மறுபடி பயன்படுத்தக்கூடாத ஹெட் போல்ட்டுகள், லேத் பட்டறையில் சிலிண்டர் ஹோனிங், கூலி எல்லாம் சேர்த்து 47,000 ராண்ட் ஆயிற்று. டைமிங் பெல்ட்டையும் தண்ணீர் பம்பையும் அதே கையோடு மாற்றிவிட்டோம். கழற்றிய ராடை மேசையில் நல்ல ராடோடு ஒட்டி வைத்தபோது வளைவு கண்ணுக்கே தெரிந்தது. டர்போ போட்ட பட்டறைக்கு அதைப் படமெடுத்து அனுப்பினேன். பழைய இன்ஜின், உங்கள் ஓட்டுமுறை, எங்கள் பாகம் எதுவும் கெடவில்லை என்று மூன்று வரியில் பதில் வந்தது. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, பழுதுபார்க்கும்போது பொருத்திய பாகத்துக்குக் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் தருகிறது; ஆனால் என்னிடம் கெட்டது அவர்கள் பொருத்திய பாகம் அன்று, அது தள்ளிய ராடு. ராடு தாங்கும் என்று வாயால்தான் சொன்னார்கள். எந்த ஆர்.பி.எம்.-இல் எத்தனை நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாது, எந்த உயரத்துக்கு, எந்தப் பெட்ரோலுக்கு மேப் எழுதப்பட்டது என்பதை மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதி வாங்கியிருந்தால் வாதாட ஒரு பிடி இருந்திருக்கும்.

இப்போது யாராவது என்னைக் கேட்டால், பணத்தை முதலில் ஆரோக்கியத்தில் போடச் சொல்கிறேன். கம்ப்ரஷனும் லீக்-டவுனும் அளந்து எழுதி வையுங்கள். இந்த இன்ஜினில் உயரழுத்த பெட்ரோல் பம்பைக் கேம்ஷாஃப்ட் ஒரு சிறிய ஃபாலோயர் மூலம் தள்ளுகிறது. தையற்காரர் விரலில் மாட்டும் உறை போன்ற எஃகுத் துண்டு அது. மூன்று போல்ட்டைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். அதன் முகத்தில் கறுப்புப் பூச்சு முழுதாக இருந்தால் நல்லது. நடுவில் வெள்ளி வட்டம் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். ஓட்டை விழும்வரை விட்டால் கேம்ஷாஃப்ட்டும் பம்பும் சேர்ந்து போகும். வலுவான பம்ப் போட்டால் தேய்மானம் இன்னும் விரைவு, ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் பார்ப்பது என் வழக்கம். நேரடி இன்ஜெக்ஷன் என்பதால் காற்று உள்ளே வரும் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை, கரி படியும். அதை வால்நட் ஓட்டுத்தூள் அடித்து எடுக்கலாம். ஆக்ஸிலரேட்டரை விடும்போது டர்போவின் மிகை அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் ரப்பர் சவ்வு கிழிந்திருந்தால் பிஸ்டன் வகையைப் போடுங்கள். டிஎஸ்ஜி ஆயிலை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அந்த ஆறு கியர் பெட்டியே 350 நியூட்டன் மீட்டருக்கு வகுக்கப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது நல்ல இன்டர்கூலர், அதற்கடுத்து உங்கள் ஊரிலேயே எழுதிய மென்பொருள். பிளக் இடைவெளியைக் குறைப்பதும் தரமான டயரும் பிரேக்கும் இதற்குள் அடக்கம். டர்போவைத் தொடுவதென்றால் ராடுகளுக்கான பணத்தையும் சேர்த்தே ஒதுக்குங்கள். அது இல்லாவிட்டால் டர்போவை விட்டுவிடுங்கள். ராடு வாங்கப் பணம் சேரும்வரை அடக்கமான மேப்போடு கே04 ஓட்டலாம் என்பவர்களும் உண்டு. ஓட்டலாம்தான், ஆனால் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்காத ஓட்டுநரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதையும் மறக்காதீர்கள். தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி விபத்து இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி உண்டு.

டர்போ மாற்றிய ஜிடிஐயைப் பழையதாக வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து விலை குறைவாக இறக்கப்படும் கார்கள் நம் பக்கம் நிறைய விற்பனைக்கு வருகின்றன. அப்படி ஒன்றைப் பார்க்கும்போது மேப் எங்கே எழுதப்பட்டது என்று கேளுங்கள். ஜோஹன்னஸ்பர்க் போன்ற உயரமான ஊரில் எழுதியதென்றால், கம்ப்ரஷன் அளந்து வாங்கிய பிறகும் கீழே மறுமேப் செய்யும்வரை ஏற்றத்தில் உயர்ந்த கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதீர்கள், கியரை இறக்கிவிட்டு ஏறுங்கள். மறுமேப்புக்கான கூலியை விற்பவரிடமே விலையில் கழித்துக் கேட்கலாம். ஒன்றுவிட்ட தம்பி சென்ற மாதம் வாங்கிய காருக்கு அப்படித்தான் கழித்து வாங்கினோம்.